பாட்டியின் பேச்சும் பேத்தியின் பேச்சும்: என்ன போயிற்று, என்ன வந்தது?

"பாட்டி பேசும்போது பாதிச் சொற்கள் எனக்குப் புரிவதில்லை. நான் பேசினால் அவர் 'இது என்ன தமிழ்?' என்கிறார். இரண்டே தலைமுறையில் வாழ்க்கையும் பேச்சும் இவ்வளவு மாறியது எப்படி? நாம்தான் மொழியைக் கெடுத்துவிட்டோமா?" இதுதான் கேள்வி.

எண்பதைத் தாண்டிய பாட்டி என்றால் 1940-ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். அவருடைய இளமை 1950-களும் 60-களும். தமிழ்நாட்டில் அந்த இருபது ஆண்டுகளில் காசு மாறியது, எடை மாறியது, மேடைப் பேச்சு மாறியது, 1969 ஜனவரி 14-ல் மாநிலத்தின் பெயரே மாறியது. அதனால் பாட்டியின் பேச்சைக் காலம் காலமாக அசையாமல் நின்ற ஒன்றாகவும், நம் பேச்சை மட்டும் ஆடிப்போன ஒன்றாகவும் பார்ப்பது சரியில்லை. அவருடைய பேச்சே ஒரு பெரிய புரட்டலின் நடுவில் உருவானதுதான். போன சொற்களில் பெரும்பகுதிக்கு நான் வருந்த மாட்டேன். சில போனதே நல்லது. ஒரு வகைச் சொற்கள் போவது மட்டும் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் மற்றவற்றைப் பார்த்துவிடலாம்.

காசிலிருந்து தொடங்குகிறேன். 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. அளவையும் கிட்டத்தட்ட அதே போக்கில்தான் இருந்தது. ஒரு படிக்கு இரண்டு உரி, ஓர் உரிக்கு இரண்டு உழக்கு, ஓர் உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. எதை எடுத்தாலும் பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கிக்கொண்டே போகும் பின்னங்கள் அதனால்தான் வீட்டுப் பேச்சில் புழங்கின. ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. காலே அரைக்கால் ரூபாய் என்றால் ஆறணா. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள்கூட இந்தக் கணக்கை மனதிலேயே போட்டார்கள். ஒன்றைப் பாதியாக்கத் தெரிந்தால் போதும், மிச்சக் கணக்கு தானாக வந்துவிடும்.

நயா பைசா வந்ததும் இந்த அடுக்கு சரிந்தது. பத்துப் பத்தாகப் போகும் கணக்கில் மாகாணிக்கு வேலை இல்லை. ஓர் அணா 6¼ பைசா ஆயிற்று, இரண்டணா 12½ ஆயிற்று. இரண்டும் முழு எண்ணாக வரவில்லை, புழக்கத்திலிருந்தும் நழுவிவிட்டன. நாலணா சரியாக 25 பைசா, எட்டணா சரியாக 50 பைசா. அதனால் அந்த இரண்டு பெயர்களும் புதுக்காசின் மேல் ஏறிக்கொண்டு இன்னும் அரை நூற்றாண்டு ஓடின. 2011 ஜூன் மாதத்தோடு 25 பைசா செல்லாமல் போகும்வரை அதை 'நாலணா' என்று சொன்னவர்கள் ஏராளம். அணாவையே கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் அவர்களில் உண்டு. எந்தச் சொல் தங்கும், எது போகும் என்பதில் பாசத்தைவிடப் பயன்பாட்டுக்குத்தான் அதிகப் பங்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எடையிலும் இதையே பார்க்கலாம். வீசை, பலம், மணங்கு எல்லாம் கிலோவுக்கு வழிவிட்டன. தங்கம் மட்டும் சவரனில் நின்றது, இன்றும் எட்டு கிராமைச் சவரன் என்கிறோம். பூவுக்கு முழம் நின்றது, முழங்கையை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர முடியாது அல்லவா. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று அச்சாகி வருகிறது. வாங்குபவரும் விற்பவரும் பேசுவதோ சென்ட், ஏக்கர். காவிரிக் கரையில் இன்னும் மா, வேலி.

அடுத்தது கடிதம். கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இது. ஏனென்றால் பாட்டி காலத்துத் தமிழ் சுத்தத் தமிழ் என்ற எண்ணம் அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றைப் பிரித்த உடனே உடைந்துவிடும். மேலே பிள்ளையார் சுழி. அப்புறம் 'மகாராஜராஜஸ்ரீ' என்று தொடங்கும் விளிப்பு. 'இங்கு யாவரும் க்ஷேமம், தங்கள் க்ஷேமத்துக்குக் கடிதம் எழுதவும்' என்று ஒரு வரி. 'நிற்க' என்று ஒரு சொல், அதற்குப் பிறகுதான் விஷயமே வரும். பணம் கேட்பதோ, பெண் பார்த்த சேதியோ, மாடு கன்று ஈன்றதோ எல்லாம் 'நிற்க'வுக்குக் கீழேதான். கடைசியில் 'மற்றவை நேரில்', 'இப்படிக்கு'. நல்ல சேதி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் சேதி வந்த கார்டைப் படித்த கையோடு கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். தந்தி என்றால் கேட்கவே வேண்டாம். தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே அழுகை தொடங்கிவிடும். 'கவலைக்கிடம், உடனே புறப்படு' என்று வந்தால் ஆள் ஏற்கெனவே போய்விட்டார் என்றுதான் அர்த்தம். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. அதற்கு வெகு முன்பே தொலைபேசி அந்தப் பயத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. நடுராத்திரியில் மணி அடித்தால் இன்றும் நமக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுதானே துடிக்கிறது.

இந்தக் கடிதங்கள் ஏன் எல்லாமே ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தன? எழுதியவர் வேறு, சொன்னவர் வேறு, வாசித்தவர் வேறு. 1951 கணக்கெடுப்பின்போது இங்கே எழுத்தறிந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். 2011-ல் அது நூற்றுக்கு 80. பினாங்கிலோ பம்பாயிலோ வேலை பார்த்த கணவன் எழுதிய கடிதத்தை வாத்தியாரோ தபால்காரரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தக் கடிதத்தில் 'உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது' என்று எப்படி எழுதுவான்? 'க்ஷேமம்' என்றுதான் எழுத முடியும். அந்தத் தலைமுறைக்கு அன்பைச் சொல்லத் தெரியாது என்று சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். தனியாகப் பேசிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வழியே இருக்கவில்லை. இன்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து துபாயில் இருக்கும் பேரனுக்கு நேராக அனுப்புகிறார். நடுவில் வாத்தியார் இல்லை. இந்த எழுபது ஆண்டுகளில் பேச்சுக்கு நேர்ந்த மிகப் பெரிய நன்மை இது என்று நான் நினைக்கிறேன்.

சுத்தத் தமிழ் விஷயத்துக்குத் திரும்புகிறேன். பாட்டியின் சிறு வயதில் கூட்டத் தலைவரை 'அக்கிராசனர்' என்றார்கள். வேட்பாளர் 'அபேட்சகர்', செயலாளர் 'காரியதரிசி', பல்கலைக்கழகம் 'சர்வகலாசாலை', மாவட்டம் 'ஜில்லா'. வீட்டிலிருந்த சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை ஆகியவை போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனவை. நீதிமன்றமும் வருவாய்த் துறையும் பேசியது பாரசீகமும் உருதுவும் கலந்த தமிழ்: வக்கீல், வாய்தா, ஜாமீன், தாசில்தார். 1916-ல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கமும், அதற்குப் பிறகு வந்த திராவிட இயக்க மேடைகளும்தான் பொது இடத்துத் தமிழைத் திருப்பிப் போட்டன. ஊர் ஊராக நடந்த கூட்டங்களில் 'நமஸ்காரம்' போய் 'வணக்கம்' வந்தது. 1967-ல் ஆட்சி மாறிய பிறகு அரசுத் தாள்களில் ஸ்ரீ, ஸ்ரீமதி இருந்த இடத்தில் திரு, திருமதி வந்தன. 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் சேதி போட்டது. டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்டார்கள், அந்த நாலு பேரின் பேச்சிலும் அந்தச் சொற்கள் ஏறின.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எழுதும்போது பேத்தியின் தமிழ் பாட்டியின் தமிழைவிடத் தூய்மையானது. அவள் பரீட்சைத் தாளில் பேருந்து, நூலகம், திருமணம், ஆண்டு என்றுதான் எழுதுவாள். பாட்டி பஸ், விவாகம், வருஷம் என்றார். பேச்சில் நிலைமை தலைகீழ். பாட்டியின் வாயில் ஆங்கிலம் பஸ், லீவு, சைக்கிள், ஆஸ்பத்திரி என்று பொருள்களின் பெயரோடு நின்றது. பேத்தியின் வாயில் அது வாக்கியத்தின் எலும்புக்குள்ளேயே போய்விட்டது. எழுத்து ஒரு திசையிலும் பேச்சு எதிர்த் திசையிலும் நடந்திருக்கின்றன. பாட்டியும் பேத்தியும் ஒருவரையொருவர் 'உனக்குத் தமிழ் தெரியவில்லை' என்று சொல்லிக்கொள்வதில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பது இதனால்தான்.

எழுத்து வடிவமும் மாறியது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் லை, ளை, னை, ணை ஆகியவற்றை யானைத் தும்பிக்கைபோல் மேலே வளைத்து எழுதுவார்கள். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. பெரியார் தம் பத்திரிகைகளில் 1935 முதலே புது வடிவத்தை அச்சிட்டு வந்தார். பாட்டியின் கையெழுத்தில் அந்தத் தும்பிக்கை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

போனதே நல்லது என்றேனே, அந்தச் சொற்களைப் பற்றி. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த முதியவர், மிராசுதாரின் பத்து வயதுப் பிள்ளையை 'ஆண்டே' என்றோ 'சின்னய்யா' என்றோ அழைக்க வேண்டும். அந்தப் பிள்ளை அவரை 'வாடா, போடா' என்னும். கேட்பவர் யாருக்கும் அது விபரீதமாகப் படாது. இன்று அது எல்லா இடத்திலும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேருந்திலும் கடையிலும் அலுவலகத்திலும் முன்பின் தெரியாத இருவர் 'அண்ணே', 'சார்', 'வாங்க', 'சொல்லுங்க' என்று சமமாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த 'ங்க' இவ்வளவு தூரம் பரவியதற்குப் பின்னால் பெரிய போராட்டங்கள் இருக்கின்றன. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடச் சொன்னது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தலைப்பெழுத்தோடு நிற்கிறோம். தாளில் எழுதும் பெயரை வைத்து நம் சாதியை எளிதில் கண்டுபிடிக்க முடிவதில்லை.

பெண்கள் பேச்சிலும் பெரிய நகர்வு. முருகன் என்ற பெயருடையவருக்கு வாழ்க்கைப்பட்டவர் சாமி கும்பிடும்போதுகூட முருகா என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் கணவர் பெயர் கேட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார். கணவனைக் கூப்பிட 'ஏங்க', 'இந்தாங்க', 'இவன் அப்பா' என்று சுற்றி வளைத்த வழிகள்தாம். இப்போது பேத்தி கணவனைப் பெயர் சொல்லி அழைப்பதைப் பார்த்துப் பாட்டி முகம் சுளிக்கலாம், கொஞ்சம் ரசிக்கவும் செய்யலாம். உடற்குறையைப் பட்டப்பெயராகவே ஆக்கிக் கூப்பிட்ட காலமும் அதுதான். 'மாற்றுத்திறனாளி', 'திருநங்கை' எல்லாம் இந்த நூற்றாண்டில் வேரூன்றியவை. அவை வெறும் நாகரிகப் பூச்சு என்று பேசுபவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அந்தப் பழைய பெயரால் நாள் முழுக்கக் கூப்பிடப்பட்டவரைக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

உறவுச் சொற்கள் குறைவதற்குக் காரணம் வேறு. 'அங்கிள், ஆன்ட்டி வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது' என்று குறை சொல்கிறோம். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த உறவில் ஆளே இல்லாமல் போவது அதைவிடப் பெரிய காரணம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஒரே பிள்ளையாகப் பிறந்த இருவர் கல்யாணம் செய்துகொண்டால் அவர்கள் குழந்தைக்குச் சொந்த அத்தை இல்லை, மாமா இல்லை, பெரியப்பா இல்லை, சித்தியும் இல்லை. ஓரகத்தி, கொழுந்தன், சகலை, நாத்தனார் என்ற சொற்களைச் சொல்ல அந்தப் பெற்றோருக்கே வாய்ப்பு வராது. இன்னொன்றும் உண்டு. அம்மாவின் தம்பியும் மாமாதான், அத்தை புருஷனும் மாமாதான், மாமனாரும் மாமாதான். அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுவது வழக்கமாக இருந்த வீட்டில் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், அதனால் ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சொந்தத்துக்குள் கட்டுவது குறையக் குறைய அந்தச் சொல்லின் மூன்று முனைகளும் பிரிந்துபோகின்றன. டாக்டர்களும் படிப்பும் வெளியூர் வேலையும் சேர்ந்து செய்த மாற்றம் இது.

சரி, எனக்கு வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். அது வினைச்சொற்கள்.

பாட்டியின் வீட்டில் நெல் சோறாவதற்கு எத்தனை வினைகள் வேண்டியிருந்தன என்று பாருங்கள். நெல்லை உரலில் போட்டு உலக்கையால் குத்துவார்கள். குத்தியதை முறத்தில் அள்ளிப் புடைப்பார்கள், உமி முன்னால் பறக்கும். முறத்தைப் பக்கவாட்டில் அசைத்து, கல்லும் நெல்லும் ஒரு ஓரம் ஒதுங்கும்படி நாவுவார்கள். குருணை வேறு அரிசி வேறாகக் கொழிப்பார்கள். தூசு போகத் தெள்ளுவார்கள். மாவாக இருந்தால் சலிப்பார்கள். சமைக்கும் முன் தண்ணீரில் களைவார்கள், கல் அடியில் தங்கும்படி அரிப்பார்கள். உலையில் இட்டுக் கஞ்சியை வடிப்பார்கள். இந்தச் சொற்களின் பொருள் ஊருக்கு ஊர் சற்று மாறும். ஆனால் ஒவ்வொன்றும் மணிக்கட்டின் ஒரு தனி அசைவு. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முறத்தைக் கையில் எடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டே அவர் புடைக்கிறாரா நாவுகிறாரா என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். புடைக்கும்போது படார் படாரென்று அடிக்கும், நாவும்போது சரசரவென்று உரசும்.

உலக்கையில் மிளகாய் இடிபடும், அம்மியில் தேங்காய் அரைபடும், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டப்படும், திரிகையில் பயறு உடைபடும், இஞ்சியைத் தட்டுவார்கள், பூண்டை நசுக்குவார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே ஜாடி, 'மிக்ஸியில் ஒரு ஓட்டு ஓட்டு' என்று ஒரே சொல். அந்த ஜாடி பாட்டியின் தோளுக்கும் இடுப்புக்கும் தந்த விடுதலையை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். விடியும் முன் எழுந்து நெல் குத்திய பெண்களிடம் போய் உரல் அழகானது என்று யாரும் சொல்லக் கூடாது. கருவி போனால் அதன் வினையும் போகும், அது இயற்கை.

இயற்கை இல்லாதது இனி சொல்லப்போவது. 'கட் பண்ணு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காயை நறுக்குகிறோம், விறகைப் பிளக்கிறோம், மரத்தை வெட்டுகிறோம், கதிரை அறுக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், துணியைக் கத்தரிக்கிறோம், அழைப்பைத் துண்டிக்கிறோம். இந்த ஏழில் எதற்குமே கருவி போய்விடவில்லை. கத்தி இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது, கை இருக்கிறது. ஆனாலும் ஏழும் 'கட்' ஆகிவிட்டன. காத்திரு என்பது வெயிட் பண்ணு, திற என்பது ஓபன் பண்ணு, தவிர் என்பது ஸ்கிப் பண்ணு. பாட்டியும் 'ஸ்நானம் பண்ணு', 'யோசனை பண்ணு' என்று சொன்னவர்தானே என்று கேட்கலாம். சொன்னார். ஆனால் அவரிடம் குளி, யோசி, நினை என்பவையும் பக்கத்திலேயே உயிரோடு இருந்தன. இடத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி மாற்றிப் போட்டார். பெயர்ச்சொல் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், தமிழ் அதைச் செரித்துவிடும். பஸ்ஸை 'பஸ்ஸுக்கு', 'பஸ்ஸிலிருந்து' என்று எவ்வளவு லாகவமாக வளைக்கிறோம். வினை அப்படி இல்லை. வாக்கியத்தைத் தூக்கி நிறுத்துவது வினைதான். எல்லா வேலையையும் 'பண்ணு' ஒன்றே சுமந்தால் மற்ற வினைகள் கைக்கு எட்டாத பரணில் போய்க் கிடக்கும்.

எண்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. தொலைபேசி எண்ணைத் தமிழில் சொன்னால் எழுதிக்கொள்ளத் திணறும் பிள்ளைகள் நிறைய. எழுபத்தெட்டுக்கும் எண்பத்தேழுக்கும் நடுவில் ஒரு கணம் தடுமாறுகிறார்கள். மெட்ரிக் பள்ளிகள் பெருகிய பிறகு வாய்ப்பாட்டை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த தலைமுறை இது. மனக்கணக்கு எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில்தான் எண்ணும் வாயில் வரும்.

ஆகவே, கெடுத்துவிட்டோமா என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் இல்லை, வினைச்சொல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆமாம். அதுவும் திருத்திக்கொள்ளக் கூடியதுதான். வீட்டில் ஒருவர் 'கொஞ்சம் காத்திரு', 'கதவைத் திற' என்று சொல்லத் தொடங்கினாலே அந்த வீட்டுக் குழந்தையின் பேச்சில் ஏறிவிடும்.

பாட்டி இருக்கும்போதே ஒரு வேலை செய்யுங்கள். 'பழைய சொல் ஏதாவது சொல்லுங்க பாட்டி' என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் நினைவுக்கு வராது. கையில் முறத்தைக் கொடுத்து, 'இதில் அரிசியை என்னென்ன செய்வீங்க, செய்துகொண்டே சொல்லுங்க' என்று கேளுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தாத்தாவிடமிருந்து வந்த முதல் கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள் என்று கேளுங்கள். நயா பைசா வந்தபோது கடையில் என்ன சண்டை நடந்தது என்று கேளுங்கள். பிறகு அதே பதிவை உங்கள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, எந்தெந்தச் சொல் அவருக்குத் தெரியும், எதைச் சொல்வதில்லை, எதைக் கேட்டதே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தில் எந்தச் சொல் எந்தத் தலைமுறையோடு நின்றது, ஏன் நின்றது என்பது அந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிடும்.